கிறிஸ்துமஸ் தீவின் காட்டரணையைக் கொன்றது யார்?

கிறிஸ்துமஸ் தீவு என்ற பெயர் தமிழர் காதில் விழுந்ததெல்லாம் பெரும்பாலும் அகதிச் செய்திகளோடுதான். இலங்கையிலிருந்து படகேறியவர்களை ஆஸ்திரேலியா கொண்டுபோய் அடைத்த இடம் அது. குயின்ஸ்லாந்தின் பிலோயிலா ஊரில் குடியிருந்த ஈழத் தமிழ்க் குடும்பம் ஒன்று, இரண்டு சிறு பெண் குழந்தைகளோடு 2019 ஆகஸ்ட் முதல் 2021 ஜூன் வரை சிக்கிக் கிடந்ததும் அங்கேதான். அந்தத் தீவின் தடுப்பு முகாம் 2008இல் தயாரானது. படகுகள் அடுத்தடுத்து வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், முகாமுக்கு அப்பால் விரிந்த மழைக்காட்டில், உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் அரணையின் கதை முடிந்துகொண்டிருந்தது.

2014 மே 31 அன்று, தீவின் தேசியப் பூங்காக்காரர்கள் கூண்டில் வைத்துப் பார்த்துவந்த ‘கம்ப்’ என்ற பெண் அரணை செத்துப்போனது. அதற்குப் பிறகு அந்த இனத்தில் ஒன்றுகூட யார் கண்ணிலும் படவில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2017இல் அதை அழிந்த இனங்களின் பட்டியலில் சேர்த்தது. எமோயா நேட்டிவிடேட்டிஸ் என்பது அதன் அறிவியல் பெயர்; ஆஸ்திரேலியர்கள் அழைத்தது கிறிஸ்துமஸ் தீவுக் காட்டரணை என்று.

ஓர் உயிரினம் அழிவது இன்று புதுச் செய்தி அல்ல. இந்த அரணையின் வழக்கு வேறு காரணத்துக்காகக் கவனிக்கத்தக்கது. காட்டை வெட்டி யாரும் இதை அழிக்கவில்லை. தீவின் பெரும்பகுதி இன்றும் காடுதான். இறைச்சிக்கோ தோலுக்கோ எவரும் வேட்டையாடவில்லை. மனிதர் குடியேறி 90 ஆண்டுகள் ஆன பிறகும் தாராளமாகத் திரிந்த பிராணி, அடுத்த 30 ஆண்டுகளில் சுவடின்றிப் போயிற்று. காரணம் என்ன என்ற கேள்விக்கு விஞ்ஞானிகள் சொன்ன பதில்கள் அரை டஜனுக்கு மேல்.

ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டரில், இந்தியப் பெருங்கடலில் நிற்கும் ஒரு சுண்ணாம்புப் பாறைத் தீவு இது. பரப்பு 135 சதுர கிலோமீட்டர். மிக உயர்ந்த இடம் 361 மீட்டர். 1643 கிறிஸ்துமஸ் நாளன்று இவ்வழியே போன ஆங்கிலக் கப்பல் தலைவர் வில்லியம் மைனர்ஸ் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. அதற்கு அப்புறமும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே குடிவாழ்க்கை கிடையாது. 1887இல் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் ஃபிளையிங் ஃபிஷ், ஈஜீரியா இரண்டும் வந்து செடிகொடி, பிராணி மாதிரிகளைச் சேகரித்துப் போயின. காட்டரணைக்கு விலங்கியலாளர் ஜார்ஜ் பூலெஞ்சர் பெயரிட்டதும் அதே ஆண்டில். மறுவருடமே பிரிட்டன் தீவைத் தனதாக்கிக்கொண்டது, அரணைக்காக அல்ல, பாஸ்பேட்டுக்காக. சுரங்கம் வந்தது, சீன, மலாய்த் தொழிலாளர்கள் வந்தார்கள், நிர்வாகம் சிங்கப்பூரிலிருந்து நடந்தது. 1958இல்தான் தீவு ஆஸ்திரேலியா கைக்கு மாறியது.

சுரங்கம் தீவின் காட்டில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைத் தின்றது உண்மை. ஆனாலும் நிலத்தில் 63 சதவீதம் இன்று தேசியப் பூங்கா. காட்டின் தரையை ஆள்பவை கோடிக்கணக்கான செந்நண்டுகள். உதிரும் இலைகளை அவை தின்றுதீர்ப்பதால் மரங்களுக்கடியில் யாரோ பெருக்கிவிட்டதுபோல் இருக்கும். மழை தொடங்கியதும் முட்டையிட அவை கடலுக்குச் செல்லும் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர் குறைவு. அந்த நண்டுகளின் புகழ் காட்டரணைக்குக் கிடைக்கவில்லை.

பார்வைக்கு எடுப்பான பிராணியும் அல்ல அது. ஒரு சாண் நீளம், அதில் பாதிக்கு மேல் வால். முதுகு செம்பழுப்பு, வெயில் பட்டால் வெண்கலப் பளபளப்பு. பெரிய மரம் ஒன்று சாய்ந்து கூரையில் ஓட்டை விழுந்த இடங்கள்தான் அதற்குப் பிடித்தமானவை. அங்கே தரைவரை வெயில் இறங்கும். விழுந்த மரத்தின்மேல் அரணைகள் கால்களைப் பரப்பி உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும். சருகுக்குள் பூச்சி அசைந்தால் பாயும். மறுபடி ஏறி உட்காரும். பகலில் மட்டுமே நடமாட்டம். இரவில் மரப்பட்டைக்கும் கட்டைக்கும் கீழே இடுக்குகளில் தூக்கம். இந்தத் தூக்கம் பின்னால் முக்கியமாகப் போகிறது.

நம்மூரில் ‘அரணை கடித்தால் மரணம்’ என்று சொல்லி, கண்ட இடத்தில் அடிப்பார்கள். அரணைக்கு விஷமே கிடையாது. கிறிஸ்துமஸ் தீவில் அந்தப் பழிகூட இல்லை. யாரும் அதை வெறுக்கவில்லை, யாரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவுமில்லை. 1979இல் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஹெரால்ட் காகரும் ராஸ் சாட்லியரும் தீவின் ஊர்வனவற்றைக் கணக்கெடுத்தபோது, காட்டரணை பல இடங்களில் மிகுதியாகத் தென்பட்டது. தீவின் இன்னொரு இனமான நீலவால் அரணை குடியிருப்புத் தோட்டங்களில்கூட ஓடித்திரிந்தது. தீவுக்கே உரிய நான்கும், வேறு நாட்டுக் கரைகளிலும் வாழும் கடற்கரை அரணை ஒன்றுமாக, உள்நாட்டுப் பல்லி-அரணை இனங்கள் ஐந்தும் அன்று இருந்தன. ‘கவலைப்பட ஏதுமில்லை’ என்று அப்போது யாராவது எழுதியிருந்தால் அது பொய்யாகாது.

இருவரும் 1998இல் திரும்பி வந்து பார்த்தார்கள். படம் மாறியிருந்தது. அரணைகளும் சிறு பல்லிகளும் பல இடங்களில் காணாமல் போயிருந்தன. குறிப்பாகக் குடியிருப்பு இருக்கும் வடகிழக்கு மூலையில் முதலில் ஒழிந்து, அந்த வெறுமை மெல்ல உள்காட்டை நோக்கிப் பரவிக்கொண்டிருந்தது. அடுத்த பத்தாண்டில் மேற்குப்பக்கம் மட்டும் மிஞ்சியது. காட்டில் காட்டரணை கடைசியாகக் கண்ணில் பட்டது 2010 ஆகஸ்ட்டில், ஈஜீரியா முனைப் பக்கம்.

இந்தப் பரவும் ஒழுங்கு ஒரு நல்ல தடயம். காலநிலை மாறியிருந்தால் தீவு முழுக்க ஒரே சமயத்தில் குறைந்திருக்கும். துறைமுகமும் வீடுகளும் உள்ள பக்கத்திலிருந்து வெளியே போகும் அழிவு என்றால், கப்பலில் வந்து இறங்கிய எதுவோ ஒன்று நடந்து போகிறது என்றுதான் பொருள்.

கப்பலில் வந்த சாவு அந்தத் தீவுக்குப் புதிதில்லை. 1899இல் ஹிந்துஸ்தான் என்ற கப்பலில் கருப்பு எலிகள் வந்து இறங்கின. தீவுக்கே உரிய எலி இனங்கள் இரண்டு அப்போது அங்கே ஏராளம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் புவியியலாளர் சார்லஸ் ஆண்ட்ரூஸ் 1897-98இல் பத்து மாதம் தங்கி அவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். 1908இல் அவர் திரும்பி வந்தபோது இரண்டுமே இல்லை. வந்த எலிகளின் இரத்தத்தில் இருந்த ட்ரிப்பனோசோம் ஒட்டுண்ணி உள்ளூர் எலிகளுக்கும் தொற்றிய விவரம், அருங்காட்சியகத் தோல்களிலிருந்து எடுத்த மரபணுவைக் கொண்டு நூறாண்டு கழித்து உறுதியானது. பத்தாண்டுக்குள் இரண்டு இனம் காலி. அதற்குப் பிறகு எண்பது ஆண்டுகள் தீவின் அரணைகள் தாக்குப்பிடித்தன என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் சந்தேக நபர்களின் வரிசையைப் பார்க்க வேண்டும்.

பூனைகள் முதல் குடியேறிகளோடு வந்தவை. கருப்பு எலி 1899 முதல் இருக்கிறது. கையளவைத் தாண்டி நீளும் பெரிய பூரான் பல பத்தாண்டுகளாக அங்கே உள்ளது. பல்லி, அரணைகளைப் பிடித்துத் தின்னும். வீட்டுப் பல்லியும் வெகுகாலமாக இருக்கிறது. இவை ஒவ்வொன்றும் அரணைகளைக் கொன்றிருக்கும், சந்தேகமில்லை. ஆனால் இவை எல்லாம் இருந்த 1979இலும் காட்டரணை மிகுதியாகத்தான் இருந்தது. எனவே 1979க்குப் பின் மாறியது எது என்பதே கேள்வி. அந்த வடிகட்டியில் மிஞ்சுபவை இரண்டு: ஓர் எறும்பு, ஒரு பாம்பு.

எறும்பிலிருந்து தொடங்கலாம், தமிழ்நாட்டுக்கு அது பழக்கப்பட்ட பிராணி. 2022 ஆகஸ்ட்டில் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் கரந்தமலையடிவாரக் கிராமங்களில் மஞ்சள் பைத்தியக்கார எறும்பு பெருகி, ஆடுமாடுகளின் கண்களைத் தாக்குகிறது, மேய்ச்சலுக்குப் போக முடியவில்லை என்று மக்கள் முறையிட்ட செய்தி நினைவிருக்கலாம். தாறுமாறாக ஓடும், கடிக்காது. ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். அதே இனம்தான் கிறிஸ்துமஸ் தீவிலும். அங்கே அது 1930களின் நடுப்பகுதிக்கு முன்பே வந்துவிட்டது. வந்து அரை நூற்றாண்டு சாதுவாகக் கிடந்தது. 1989இல் முதன்முதலாக ஒரு பெருங்குடி கண்டுபிடிக்கப்பட்டது: ராணிகள் பல, கூட்டுக்குக் கூடு சண்டை இல்லை, தரையில் கால் வைக்க இடமில்லை. 2002 வாக்கில் அப்படிப்பட்ட பெருங்குடிகள் சுமார் 2,500 ஹெக்டேர் காட்டைப் பிடித்திருந்தன. செந்நண்டுகள் ஒரு கோடிக்கு மேல் செத்தன. நண்டு போன இடத்தில் தரையெங்கும் நாற்றுகள் முளைத்துக் காட்டின் தோற்றமே மாறியது.

இந்தப் பெருக்கத்துக்குத் துணை நின்றது செதில் பூச்சி என்ற இன்னொரு வந்தேறி. மரச்சாற்றை உறிஞ்சி அது விடும் இனிப்புக் கழிவுதான் எறும்புக்குத் தீனி. ஹெலிகாப்டரில் ஃபிப்ரோனில் நஞ்சு கலந்த இரையைத் தூவிப் பார்த்தார்கள். எறும்பு குறையும், மறுபடி வரும். கடைசியில் லா ட்ரோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மலேசியாவில் செதில் பூச்சியைத் தாக்கும் நுண்குளவி ஒன்றைக் கண்டெடுத்து, பல்லாண்டுச் சோதனைக்குப் பிறகு 2016 டிசம்பரில் தீவில் விட்டார்கள். எறும்பை விட்டு எறும்பின் சோற்றில் கைவைத்த அந்த யோசனை மெச்சத்தக்கது.

அரணையைக் கொன்றது எறும்பா? பெருங்குடி இருக்கும் இடத்தில் எந்தச் சிறு பிராணியும் பிழைக்காது என்பது சரி. ஆனால் பெருங்குடி எட்டிப்பார்க்காத காடுகளிலும் அரணைகள் அதே வேகத்தில் குறைந்தன. நஞ்சு தூவியதுதான் காரணம் என்று வாதிட்டவர்களுக்கும் இதுவே பதில்: தூவாத இடங்களிலும் அரணை இல்லை, முதல் வீழ்ச்சியோ தூவத் தொடங்குவதற்கு முன்பே நடந்துவிட்டது. எறும்பு கூட்டாளியாக இருந்திருக்கலாம். முதல் குற்றவாளி அல்ல.

மிஞ்சியது பாம்பு. 1987இல் தீவில் முதன்முறையாக ஓநாய்ப் பாம்பு பிடிபட்டது. தென்கிழக்கு ஆசியாவில் வீடுகளைச் சுற்றி வாழும் விஷமற்ற இனம். சரக்கோடு வந்திருக்க வேண்டும். நம்மூர் வெள்ளிக்கோல் வரையனுக்கு மிக நெருங்கிய உறவு. இரண்டையும் ஒரே இனமாக எண்ணிய காலமும் உண்டு. கட்டுவிரியன் என்று பயந்து தமிழ்நாட்டில் வீட்டுக்குள் அடித்துப்போடுகிறார்களே, அந்தச் சாயல். நீளம் அரை மீட்டர், தடிமன் ஒரு விரல்.

இதன் வாயைக் கிட்டத்தில் பார்த்தால் வேலை புரியும். மேல்தாடையின் முன்பக்கத்தில் நீண்ட பற்கள். அதற்குப் பின் ஓர் இடைவெளி. பிறகு மறுபடி பற்கள். அரணையின் உடம்பு வழவழப்பானது, செதில் கவசம்போல் இறுகியது. சாதாரணப் பல் வழுக்கும். ஓநாய்ப் பாம்பு கவ்வினால் அந்த உருளை உடம்பு இடைவெளியில் அமர்ந்து, முன்னும் பின்னும் பற்கள் பூட்டிக்கொள்ளும். அரணை தின்பதற்கென்றே அமைந்த தாடை என்று சொன்னால் மிகையில்லை.

ஓர் எதிர்வாதம் நீண்ட நாள் ஓடியது. பாம்பு இரவில் இரைதேடும்; காட்டரணையோ பகல் பிராணி. இரண்டும் சந்திப்பதே அரிதல்லவா? சந்திக்க வேண்டியதே இல்லை. பகல் முழுக்கச் சுறுசுறுப்பாக இருக்கும் அரணை இரவில் உடல் குளிர்ந்து இடுக்கில் அசையாமல் கிடக்கிறது. விரல் தடிமனுள்ள பாம்பு அந்த இடுக்குக்குள் நுழையும். தீவின் சொந்தப் பாம்பு என்றால் மண்ணுக்குள் வாழும் புழுப்போன்ற குருட்டுப் பாம்பு ஒன்றுதான். அது எறும்பு முட்டைக்காரன், அரணைக்கு எதிரியல்ல. பருந்துக்கும் ஆந்தைக்கும் பயப்படத் தெரிந்த அரணைக்கு, இடுக்குக்குள் ஊர்ந்து வரும் வேட்டைக்காரனை எதிர்கொண்ட அனுபவமே கிடையாது.

இன்னொரு கேள்வி: இரை குறைந்தால் பாம்பும் குறைய வேண்டுமே, பிறகு அரணை தலைதூக்கியிருக்கக் கூடாதா? கண்டங்களில் அப்படித்தான் நடக்கும். இங்கே வந்தேறி வீட்டுப் பல்லிகள் ஏராளம். ஓநாய்ப் பாம்போடு வழிவழியாய் வாழ்ந்து பழகியவை அவை, வேகமாகப் பெருகுபவை. பாம்புக்கு அன்றாடச் சோறு பல்லி. காட்டரணை இடையில் கிடைக்கும் கூடுதல். கடைசி அரணை தீரும்வரை பாம்பின் எண்ணிக்கை குறையத் தேவையே இல்லை. எமோயா அரணைகள் பொதுவாக ஓர் ஈட்டுக்கு இரண்டே முட்டை இடுபவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு விளங்கும்.

இதற்கு ஒரு முன்மாதிரி நூறாண்டுக்கு முன்பே இருந்தது. மொரீஷியஸ் தீவுக்கு இந்தியாவிலிருந்து வெள்ளிக்கோல் வரையன் போய்ச் சேர்ந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழ்நாடு உட்படப் பல பகுதிகளிலிருந்தும் ஆட்கள் கப்பலேறிக்கொண்டிருந்த காலத்தில். அங்கே பெருந்தீவு முழுக்கத் திரிந்த போஜர் அரணை சில பத்தாண்டுகளில் ஒழிந்து, பாம்பில்லாத சிறு திட்டுகளில் மட்டும் தப்பியது. திட்டில் தப்பியது எவ்வளவு பாதுகாப்பு என்பதை 2020 காட்டியது. வகாஷியோ கப்பல் தரைதட்டி எண்ணெய் கசிந்தபோது, தென்கிழக்குத் திட்டுகளின் அரணைகளையும் இராப்பல்லிகளையும் பிடித்து விமானத்தில் ஐரோப்பாவின் ஜெர்சி விலங்குக் காட்சிசாலைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. பாம்பு, அரணை, தீவு மூன்றும் சேர்ந்தால் என்னாகும் என்பதற்கு மொரீஷியஸைத் தாண்டிய சாட்சி வேண்டியதில்லை. அதைக் கிறிஸ்துமஸ் தீவில் 1987இலேயே யாராவது நினைத்துப்பார்த்திருக்கலாம்.

2021இல் வெளியான ஓர் ஆய்வு, பழைய கணக்கெடுப்புகளையும் ஒவ்வொரு எதிரியும் வந்த காலத்தையும் பரவிய விதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஓநாய்ப் பாம்புதான் முதன்மைக் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்ற முடிவுக்கு வந்தது. பிணப் பரிசோதனை செய்ய உடல் இல்லாத வழக்கில் இதற்குமேல் உறுதியான தீர்ப்பு கிடைக்காது. சாட்லியர் பெயரைத் தாங்கிய பெரும்பல்லி ஒன்று மட்டும் ஐந்தில் இன்றும் காட்டில் பிழைத்திருக்கிறது. வளர்ந்தபின் ஓநாய்ப் பாம்பின் வாய்க்கு அடங்காத உடல்வாகு அதற்கு உதவியிருக்கக்கூடும்.

பாம்பு கொன்றது சரி. காப்பாற்றியிருக்க முடியாதா என்பது வேறு விசாரணை. அதில் பிரதிவாதி மனிதர்.

1998இல் வீழ்ச்சி தெரிந்துவிட்டது. அப்போது காட்டரணையில் இருபதையோ முப்பதையோ பிடித்துக் கூண்டில் வளர்த்திருந்தால் இன்று இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது. நடந்தது வேறு. அந்தப் பத்தாண்டில் தீவின் முழுக் கவனமும் எறும்பின்மேலும் நண்டின்மேலும் இருந்தது. நண்டு தீவின் அடையாளம், சுற்றுலாவின் மூலதனம். அதற்கு முதலிடம் கொடுத்ததில் தவறு சொல்ல முடியாது. நண்டைக் காத்தால் மற்றதெல்லாம் தானாகத் தேறிவிடும் என்று எண்ணியதில்தான் பிசகு. தீவுக்கே உரிய சிறுவௌவாலும் அதே காலத்தில் குறைந்துகொண்டிருந்தது. எச்சரிக்கைகள் ஆண்டுக்கணக்கில் போயும், பிடித்து வளர்க்கும் முயற்சிக்கு ஆஸ்திரேலியச் சுற்றுச்சூழல் அமைச்சர் பீட்டர் காரெட் ஒப்புதல் அளித்தது 2009 ஜூலையில். குழு போய்ச் சேர்ந்தபோது காட்டில் ஒரே ஒரு வௌவாலின் ஒலிதான் கருவியில் பதிந்தது. அதைப் பிடிக்க முடியவில்லை. ஆகஸ்ட் 26க்குப் பிறகு அந்த ஒலியும் இல்லை.

வௌவாலின் முடிவு கொடுத்த அதிர்ச்சியில் அரணைகளுக்கு வாய்ப்பு கிடைத்தது. 2009இல் பூங்காக்காரர்கள் மேற்குக் காட்டில் அலைந்து, எஞ்சிய பிராணிகளைப் பிடிக்கத் தொடங்கினார்கள். நீலவால் அரணையில் 66 கிடைத்தன. 1987க்குப் பின் காணாமல் போய், 2009இல் மீண்டும் கண்ணில் பட்ட, தீவுக்கே உரிய லிஸ்டர் பல்லியில் 43. காட்டரணையில் கிடைத்தவை மூன்று. மூன்றும் பெண்.

ஓர் ஆணாவது அகப்படாதா என்று தேடல் தொடர்ந்தது, அகப்படவில்லை. கூண்டில் மூன்றும் நன்றாகவே தின்றன, சில ஆண்டுகள் வாழ்ந்தன. ஒவ்வொன்றாகப் போய், கம்ப் மட்டும் தனித்து நின்றது. இதில் சட்டத்தின் வேகம் தனிக்கதை. ஆஸ்திரேலியச் சுற்றுச்சூழல் சட்டத்தின்கீழ் காட்டரணை ‘மிக ஆபத்தான நிலையில்’ என்று பட்டியலேறியது 2014 ஜனவரியில். அப்போது உலகில் அறியப்பட்ட காட்டரணை ஒன்றே ஒன்று. நான்கு மாதம் கழித்து அதுவும் இல்லை. பட்டியலில் இடம் பெற்றால்தான் மீட்புத் திட்டம், நிதி என்று போகும் ஏற்பாட்டில், இடம் கிடைப்பதற்குள் பிராணி தீர்ந்துவிட்டது.

இதைப் பற்றி ஜான் வொய்னார்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2017இல் எழுதிய கட்டுரை கடுமையானது. 2009க்கும் 2014க்கும் இடையில் ஆஸ்திரேலியா இழந்த மூன்று முதுகெலும்பிகளை, அதாவது கிறிஸ்துமஸ் தீவின் சிறுவௌவால், காட்டரணை, டாரெஸ் நீரிணையில் கடல்நீர் ஏறி அழிந்த பிராம்பிள் திட்டு எலி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, மூன்றும் முன்கூட்டியே தெரிந்திருந்தவை, பெரும்பாலும் தடுத்திருக்கக்கூடியவை என்றார்கள். மனிதர் சந்தேகமான முறையில் இறந்தால் விசாரணை நடப்பதுபோல் ஓர் இனம் அழிந்தாலும் பொது விசாரணை வேண்டும் என்பது அவர்கள் யோசனை.

அழகான நீலவாலைக் காப்பாற்றினார்கள், மங்கிய பழுப்பு அரணையை விட்டுவிட்டார்கள் என்று சிலர் எழுதுவதுண்டு. அது நியாயமல்ல. ஒரே ஆட்கள், ஒரே ஆண்டு, ஒரே முயற்சி. காட்டில் மிஞ்சியிருந்த எண்ணிக்கைதான் வித்தியாசம். ஓரிரு ஆண்டு தாமதித்திருந்தால் நீலவாலுக்கும் இதே கதிதான். காட்டில் அதுவும் 2010ஐத் தாண்டவில்லை. லிஸ்டர் பல்லியை 2012க்குப் பிறகு காட்டில் எவரும் பார்க்கவில்லை.

கூண்டுக்குள் அவ்விரண்டும் நன்றாகப் பெருகின. தீவிலும் சிட்னியின் டரோங்கா விலங்குக் காட்சிசாலையிலும் வளர்த்ததில் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. அதிலும் ஆபத்து வராமலில்லை. 2014இல் கூண்டிலிருந்த பல்லி, அரணைகளின் முகம் வீங்கி உருக்குலைந்து சாகத் தொடங்கின. அறிவியலுக்குப் புதிதான என்டரோகாக்கஸ் பாக்டீரியா ஒன்று காரணம். தீவில் திரியும் வந்தேறிப் பல்லிகளிடமும் அது இருந்தது. சுத்தம், தடுப்பு, பிரித்துவைத்தல் என்று கூண்டுகளின் நடைமுறையையே மாற்றி அதைச் சமாளித்தார்கள்.

காட்டுக்குத் திருப்பி விடுவது அதைவிடக் கடினமாக இருக்கிறது. பாம்பு ஏற முடியாத வழவழப்பான வேலி போட்டு, தீவிலேயே ஓர் அடைப்பில் 2017இல் நீலவால் அரணைகளை விட்டார்கள். பாம்பு நுழையவில்லை. பெரிய பூரான் உள்ளேயே இருந்தது, அரணைகள் குறைந்துபோயின. பல பத்தாண்டுகள் அரணைகளோடு சேர்ந்து வாழ்ந்த அதே பூரான்தான். பல்லாயிரமாக இருக்கும்போது பொறுக்கக்கூடிய இழப்பு, சில டஜனாக இருக்கும்போது அழிவாகிறது. பூனை, எலி, பூரான் எதையும் முழுக்க விடுதலை செய்துவிடக் கூடாது என்பதற்கு இந்தச் சோதனை நல்ல ஆதாரம்.

அதன்பின் பார்வை வெளியே போனது. சுமார் 1,000 கிலோமீட்டர் மேற்கே, கோகோஸ் கீலிங் தீவுக்கூட்டத்தில் ஓநாய்ப் பாம்பு இல்லை. அங்கே புலு பிளான் என்ற இரண்டு ஹெக்டேர் திட்டில் 2019 செப்டம்பரில் 300 நீலவால் அரணைகளை விட்டார்கள். மறுவருடம் பக்கத்து புலு பிளான் மடாரிலும். தென்னை மரங்களுக்கடியில் அவை முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தன. சொந்தத் தீவில் இல்லாத இனம், எப்போதும் இருந்திராத தீவில் குடித்தனம் நடத்துகிறது. சூழலியலாளர்களில் ஒரு சாரார் இந்த மாதிரி இடமாற்றத்தை விரும்புவதில்லை. தீவுகளின் துயரமெல்லாம் வேறிடத்துப் பிராணியைக் கொண்டுவந்து விட்டதில்தானே ஆரம்பித்தது என்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் கைவசம் வேறு வழி இருந்ததாகவும் தெரியவில்லை.

வழி ஒன்று உண்டென்றால் அது பாம்பை ஒழிப்பது. குவாம் தீவில் பழுப்பு மரப்பாம்பு, பன்னிரண்டு உள்நாட்டுக் காட்டுப் பறவைகளில் பத்தை இல்லாமலாக்கியது. அங்கே அமெரிக்க அரசு பல்லாண்டுகளாகப் பணத்தைக் கொட்டுகிறது. செத்த எலிக்குஞ்சுக்குள் 80 மில்லிகிராம் பாராசிட்டமால் வைத்து, விமானத்திலிருந்து மரங்களில் சிக்கும்படி போடுகிறார்கள். அந்த அளவே பாம்புக்குச் சாவு. குவாமில் அதனால் பாம்பு குறைகிறது, தீரவில்லை. கிறிஸ்துமஸ் தீவில் அப்படி இறைச்சியைப் போட்டால் முதலில் வந்து தூக்குவது, தென்னையில் ஏறித் தேங்காயையே உடைக்கும் கொள்ளை நண்டு. உலகிலேயே அவை மிகுதியாக வாழும் இடங்களில் ஒன்று அத்தீவு. ஓநாய்ப் பாம்புக்கோ செத்த எலியைவிட உயிருள்ள பல்லிமேல்தான் நாட்டம். பொறி, வேலி, மோப்ப நாய் எல்லாம் சிறு இடங்களுக்கு உதவும். 135 சதுர கிலோமீட்டர் சுண்ணாம்புப் பாறையில், ஒவ்வொரு வெடிப்பும் ஒரு பாம்புப் பொந்தாக இருக்கும் காட்டில், ஒரு சோடி மிஞ்சினாலும் வேலை முதலிலிருந்துதான்.

எனவே நீலவாலும் லிஸ்டர் பல்லியும் இப்போதைக்குக் கூண்டிலும் கோகோஸ் திட்டுகளிலும்தான். அவற்றின் காடு அப்படியே நிற்கிறது. கூரை திறந்த இடங்களில் வெயில் விழுகிறது, பூச்சிகளுக்கும் குறைவில்லை. அங்கே இன்று சருகில் சலசலப்பது பெரும்பாலும் ஆசியாவிலிருந்து வந்த புல்லரணை. ஓநாய்ப் பாம்பின் அடுத்த தலைமுறைகளுக்கு அதுவும் வீட்டுப் பல்லியும் போதும்.